மூன்று மருந்து, மூன்று பங்கு

“கத்தரிக்கோலை எடுத்தது யாரு? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!”

“மெதுவாப் பேசு. பக்கத்து வீட்ல காது இருக்கு.”

“இருக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்! பன்னெண்டு வருஷமா மருந்துக்கடையில நிக்கறவ புருஷன், மருந்து பேட்சைத் தையல்காரன் துணி வெட்டற மாதிரி மூணா வெட்டி வச்சிருக்காருன்னு எல்லாரும் கேக்கட்டும்!”

பக்கத்து வீட்டில் காது இருந்தது உண்மைதான். அந்தக் கட்டடத்தின் சுவர்களுக்கு ரகசியம் என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டாம் மாடியில் ஒருவர் தும்மினால் மூன்றாம் மாடியில் ஜலதோஷ மருந்து தேடுவார்கள். அன்று வியாழக்கிழமை காலை ஏழே கால் மணி. மாடிப்படியில் பால் பாக்கெட்டோடு நின்ற இரண்டு பேர் பாக்கெட் வியர்த்து ஒழுகுவதைக்கூடக் கவனிக்கவில்லை.

சண்டைக்குக் காரணம் குளியலறைக் கண்ணாடியின் விளிம்பில் கிடந்தது. சிகரெட்டை விடுவதற்காகத் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச் ஒன்று. முழுசாக இல்லை, மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு அண்ணியின் கணவர் தோளில் ஒட்டியிருந்தது. மூன்றாவது பங்கு இந்நேரம் டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறிப் போயிருக்கும்.

அண்ணி என்றால் அந்த வீட்டுக்கு மட்டும் அண்ணி இல்லை, கட்டடத்துக்கே அண்ணி. முதுகுக்குப் பின்னால் ‘மூக்கு’. எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் அடிப்பிடித்தது, எந்தப் பிள்ளை வாந்தியெடுத்தது, யார் புதுச் செருப்பு வாங்கினார் என்பதெல்லாம் படியேறும்போதே அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த மூக்கைப் பற்றி அண்ணிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நடுவில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கிவிடலாம்.

அண்ணியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏணியும் இரும்புக் கயிறும்தான் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷம் ஊதித் தள்ளியதில் வலது கால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இரண்டாவது விரல் கருநீலமாகிவிட்டது. வரும் திங்கட்கிழமை ஆபரேஷன். ஆனால் சர்ஜன் கறாராகச் சொல்லியிருந்தார்: “நாலு வாரம் ஒரு சிகரெட்கூட இருக்கக்கூடாது. வாரா வாரம் வந்து மெஷின்ல ஊதணும். கடைசி வியாழக்கிழமை பத்துக்கு மேல காட்டினா தேதி வேற ஆளுக்குப் போயிடும். அடுத்த தேதிக்கு ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கால் இருக்காது.”

அந்தக் கடைசி வியாழக்கிழமைதான் இது.

வீட்டில் புகைப்பவர் ஒருவராக இருந்தால் பரவாயில்லை. மூன்று பேர். கணவர், கணவரின் தம்பி சின்னவன், அப்புறம் தங்கை புருஷனான வீட்டு மாப்பிள்ளை. ஒருத்தர் நிறுத்தி மற்ற இருவர் மொட்டைமாடியில் ஊதினால் நிறுத்தியவர் எத்தனை நாள் தாங்குவார்? அதனால் அண்ணி மூன்று பேரையும் ஒரே நாளில் நிறுத்த வைத்தாள். கடையில் நடந்த பயிற்சி வகுப்பில் எந்த மருந்து எவ்வளவு உதவுகிறது என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். தனி பேட்ச், தனி நிகோடின் சூயிங்கம் இரண்டையும்விட மாத்திரை எடுத்தவர்களில் அதிகம் பேர் விட்டார்கள். பேட்சும் சூயிங்கமும் சேர்த்து எடுத்தவர்கள் மாத்திரைக்காரர்களுக்கு அவ்வளவாகச் சளைத்தவர்கள் இல்லை. எதுவுமே எடுக்காமல் நெஞ்சில் அடித்துச் சத்தியம் பண்ணியவர்கள்தான் எல்லோருக்கும் கடைசி.

“படம் போட்டா ஆச்சா? நான் கண்ணால பார்க்கணும்” என்றாள் அண்ணி. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை கணவருக்கு, ஏனென்றால் பணயத்தில் இருப்பது அவர் கால். வாய் ஓயாத சின்னவனுக்குச் சூயிங்கம். டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் பிரேக்கை மிதிக்கும் மாப்பிள்ளைக்கு பேட்ச். ஃபிரிட்ஜ் கதவில் மூன்று கட்டம் போட்ட சார்ட். தினமும் யாருக்கு ஏக்கம் வந்தது, யார் எரிந்து விழுந்தார், யாருக்கு என்ன பக்கவிளைவு என்று சிவப்பு, பச்சை, நீல மையில் பதிவு.

அந்தச் சார்ட்தான் இப்போது சிரிப்பாய்ச் சிரித்தது.

“எத்தனை நாளா இது நடக்குது?”

“முதல் நாள்லேர்ந்து” என்றான் சின்னவன், தலையைத் துவட்டிக்கொண்டே. அவனுக்கு இரண்டு தெரு தள்ளி அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை. எதையும் நேராக வெட்டுவதில் கெட்டிக்காரன். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். “அண்ணனுக்கு மட்டும் மாத்திரை, மாப்பிள்ளைக்கு மட்டும் பேட்ச்னா நல்லாவா இருக்கு அண்ணி? நாங்க எப்பவும் மூணு பங்குதானே.”

அது அந்த வீட்டுப் பழக்கம். இரண்டு அண்ணன், ஒரு தங்கை. சின்ன வயசிலிருந்தே ஒரு பென்சில் வாங்கினாலும் மூன்று துண்டு. தங்கை கல்யாணமானதும் அவள் பங்கில் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்துகொண்டார். பிரியத்தில் செய்வதுதான். ஆனால் மாத்திரையை முறை வைத்து ஆளுக்கொரு வேளை விழுங்குவதும், பேட்சை மூன்றாக நறுக்குவதும் எந்த ஊர்ப் பிரியம்?

“அறிவிருக்கா உங்களுக்கு? மூணுல ஒரு பங்கு பேட்ச் ஒட்டினா மூணுல ஒரு பங்குகூட வேலை செய்யாது. மாத்திரையை ரெண்டு வேளை விடாம எடுத்தாத்தான் மருந்து. ஒருத்தருக்குமே முழுசா எதுவும் போய்ச் சேரலை. அப்புறம் எப்படி விட்டீங்க? விட்டீங்களா, இல்லையா?”

“விட்டுட்டேன்” என்றார் கணவர்.

“கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க.”

“எந்தக் கண்ணை? நீ ரெண்டையும் உருட்டறே.”

சின்னவன் சிரித்தான். சிரித்த வேகத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். “தலை விண்ணு விண்ணுங்குது, அண்ணி. காலையில எழுந்தா இப்படித்தான். உங்க சூயிங்கம் பண்ற வேலை.”

தலைவலி சார்ட்டிலும் இருந்தது. ஆறு நாளாக மூன்று கட்டத்திலும் தலைவலி. கணவருக்குச் செவ்வாய்க்கிழமை வாந்தி. மாத்திரை குமட்டும் என்று அண்ணிக்குத் தெரியும். நிகோடின் உடம்பைவிட்டுப் போகும்போது தலை வலிக்கும் என்றும் தெரியும். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி ஏன் வலிக்கிறது என்பதுதான் புரியாமல் இருந்தது. இப்போது அதுவும் புரிந்துவிட்டது: மருந்தையே பங்கு போட்டவர்கள் வலியையும் பங்கு போட்டிருக்கிறார்கள்.

அப்படித்தான் அண்ணி நினைத்தாள். பாவம்.

பின்கட்டு அறையிலிருந்து நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏழு மாசம். ஓய்வுக்கு என்று மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள். முகம் வீங்கி, தூக்கம் கலையாமல் இருந்தது.

“என்ன அண்ணி, காலங்காத்தால? எனக்குக் காலே தரையில பாவ மாட்டேங்குது. மிதக்கற மாதிரி இருக்கு.”

“ஏழாம் மாசம் அப்படித்தான் இருக்கும். போய்ப் படு. நாங்க கிளம்பினதும் வெந்நீர்ல நல்லாக் குளி, இடுப்பு வலி விடும்.”

இதைச் சொன்னது அண்ணிதான். வேறு யாரும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் யாரும் நம்மைக் குறை சொல்லக்கூடாது. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் குளியலறையில் அந்த மூக்குக்கு லேசாகச் சிகரெட் வாடை தட்டியது. மேல் வீட்டுக்காரர் ஊதியது வென்டிலேட்டர் வழியாக இறங்கியிருக்கலாம். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் மேல் வீடு என்ன, கீழ் வீடு என்ன? உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஊதி, புகையை வென்டிலேட்டர் வழியாகத் தள்ளிவிடுகிறார்கள் என்று அண்ணி முடிவு கட்டினாள். யாரும் இல்லாத நேரத்தில் துணி காயப்போடும் பின் பால்கனியில் ஸ்டூல் போட்டு ஏறினாள். சின்னவன் அச்சகத்திலிருந்து கொண்டு வந்து போட்டிருந்த தடித்த அட்டையை எடுத்து, அவனுடைய பழுப்பு டேப்பாலேயே வென்டிலேட்டரை வெளிப்பக்கமாக ஒட்டி அடைத்தாள். உள்ளேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இனி எவன் உள்ளே ஊதினாலும் புகை வெளியே போகாது. மூக்குக்கு மிச்சம் இருக்கும்.

ஆறு நாளாக மூக்கு ஒன்றையும் பிடிக்கவில்லை.

*

கிளினிக்குக்கு டாக்சியில் முக்கால் மணி நேரம். கணவர் வலது காலை முன் சீட்டின் அடியில் நீட்டியபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தியமாத் தொடலை” என்றார் திடீரென்று.

“நான் ஒண்ணும் கேக்கலையே.”

“நீ கேக்காம இருக்கறதுதான் பயமா இருக்கு.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவளுக்கும் தலை வலித்தது. மூன்று ஆண்பிள்ளைகளோடு கட்டிக்கொண்டு அழுதால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? காலையிலிருந்து கோபத்தில் இரண்டு தடவை குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதிருந்தாள். கால் போய்விட்டால் இந்த மனுஷன் ஏணியில் எப்படி ஏறுவார்? ஏறாமல் வீட்டில் எப்படி உட்காருவார்? லிஃப்ட் நின்றுபோனால் பத்து மாடி படியேறிப் போய்ச் சரிபார்த்துவிட்டு, இறங்கும்போது அதே லிஃப்டில் ராஜா மாதிரி இறங்குகிறவர் அவர்.

கிளினிக் நர்ஸ் இவர்களைப் பார்த்ததும் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். “இன்னிக்கு உங்க தம்பி வரலையா?”

போன வாரம் கூட வந்த சின்னவன், யாரும் கேட்காமலே மூன்று தடவை அந்த மெஷினில் ஊதிவிட்டுப் போயிருந்தான். மூன்றாவது தடவை ஊதும்போது அவன் கண் மெஷினில் இல்லை. அண்ணி அதையும் கவனித்துத்தான் வைத்திருந்தாள்.

“வேலைக்குப் போயிருக்கான்.”

நர்ஸ் புதுக் குழல் மாட்டினாள். கணவர் மூச்சை இழுத்து, பதினைந்து எண்ணும்வரை அடக்கி, மெதுவாக ஊதினார். முதல் வாரம் இருபத்தாறு காட்டிய மெஷின் அது. அப்புறம் எட்டு. போன வாரம் மூன்று.

இன்று எண்கள் ஏறின. ஐந்தில் நிற்கவில்லை. பத்தில் நிற்கவில்லை.

பத்தொன்பது.

கணவர் மெஷினைப் பார்த்தார். அப்புறம் தன் காலைப் பார்த்தார். அண்ணி இரண்டையும் பார்க்கவில்லை. அவளுக்குக் கத்த வரவில்லை. காலையிலேயே எல்லாவற்றையும் கத்தித் தீர்த்துவிட்டிருந்தாள்.

“எத்தனை?” என்றாள், தாழ்ந்த குரலில். “நேத்து எத்தனை பிடிச்சீங்க?”

“ஒண்ணுகூட இல்லை.”

“மெஷின் பொய் சொல்லுதா?”

“எனக்குத் தெரியாது. நான் சொல்லலை.”

சர்ஜனின் உதவியாளர் தொலைபேசியை எடுத்துவிட்டார். திங்கட்கிழமைத் தேதிக்குக் காத்திருப்பவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். “கொஞ்சம் இருங்க சார்” என்றாள் நர்ஸ். குழலை மாற்றி மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடியும் பத்தொன்பது. தானே ஊதிப் பார்த்தாள். இரண்டு.

மெஷினில் கோளாறு இல்லை.

நர்ஸ் கணவரின் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். சட்டைக் காலர் பக்கம் குனிந்தாள். “இவர்கிட்ட வாடையே இல்லையே, அக்கா. பத்தொன்பது காட்டறவங்க அறைக்குள்ள நுழையும்போதே எனக்குத் தெரிஞ்சிடும்.”

அண்ணியும் கணவர் பக்கம் குனிந்தாள். அவள் மூக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்சியில் முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சோப்பு வாசனை, மருந்து எண்ணெய், இரும்பு. சிகரெட் இல்லை.

“நீங்க ஒரு தடவை ஊதுங்க” என்றாள் நர்ஸ்.

“நானா? நான் எதுக்கு? என் ஏழு தலைமுறையில—”

“சும்மா ஊதுங்க அக்கா.”

அண்ணி ஊதினாள். நர்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊதினாள். அந்த முகம் மாறுவதைப் பார்த்த பிறகுதான் மெஷினைப் பார்த்தாள்.

இருபத்துமூன்று.

கணவர் வாயைப் பிளந்தார். “அடிப்பாவி. நீயா?”

அந்த அறையில் அதற்குச் சிரிக்க யாரும் இல்லை.

“இந்த மெஷினுக்குச் சிகரெட் தெரியாது” என்றாள் நர்ஸ் வேகமாக. “மூச்சுல இருக்கற கார்பன் மோனாக்சைடு மட்டும்தான் தெரியும். சிகரெட்லேர்ந்தும் வரும். சரியா எரியாத கேஸ்லேர்ந்தும் வரும். அதுக்கு வாசனையே கிடையாது. வீட்ல வெந்நீர் எதுல போடறீங்க?”

“கேஸ் ஹீட்டர்” என்றார் கணவர். “பாத்ரூம்ல.”

“காத்து போக வழி இருக்கில்ல?”

“இருக்கே. ஹீட்டருக்கு நேர் மேல வென்டிலேட்டர் இருக்கு.”

அண்ணி மருந்தாளுநர் படிப்பு படித்தவள். யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்று மருந்து சாப்பிட்டவர்களுக்கும் தலைவலி. ஒரு மருந்தும் சாப்பிடாத அவளுக்கும் தலைவலி. ஒரு மருந்தும் சாப்பிடாத இன்னொருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஃபிரிட்ஜ் சார்ட்டில் நான்காவது கட்டமாக, மருந்தே இல்லாதவர்களுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தால் சனிக்கிழமையே தெரிந்திருக்கும்.

*நாங்க கிளம்பினதும் வெந்நீர்ல நல்லாக் குளி.*

வீட்டுக்குப் போன் போட்டாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். ஓய்ந்தது.

சின்னவனுக்குப் போட்டாள். எடுத்தான். பின்னால் வெட்டு மெஷின் தடால் தடாலென்று விழுந்துகொண்டிருந்தது.

“என்ன அண்ணி, ரிசல்ட் என்ன? நர்ஸ் என்னைக் கேட்டாங்களா?”

“வீட்டுக்கு ஓடு. பாத்ரூம். தங்கச்சி உள்ள இருந்தா வெளிய இழு. விளக்கு சுவிட்ச் எதையும் தொடாதே. கேஸை மூடு. ஓடு, போனை வைக்காதே, ஓடு!”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் அவன் காரணம் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

போனில் முதலில் தெரு கேட்டது. ஹாரன். அவன் மூச்சு. அப்புறம் படிகள், இரண்டிரண்டாக. கதவு. “தங்கச்சி! ஏய், தங்கச்சி!” பாத்ரூம் கதவை இடிக்கும் சத்தம். உள்ளே தாழ். தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும் சத்தம், அதுபாட்டுக்கு. மறுபடி இடித்தான். திறக்கவில்லை. பின் பால்கனிக்கு ஓடினான். ஸ்டூல் இழுபடும் சத்தம்.

அப்புறம் அட்டையில் விரல் தட்டும் சத்தம்.

“அண்ணி” என்றான். அவன் குரலா அது என்று சந்தேகமாக இருந்தது. “இது என்ன, அட்டை?”

“கிழிடா!” என்றாள் அண்ணி. டேப் கிழிபடும் சத்தம் கேட்டது. கண்ணாடி உடைந்தது. உள்ளே குதிக்கும் சத்தம், தாழ் விலகும் சத்தம். வெகுநேரம் போன மாதிரி இருந்தது. நர்ஸ் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். கணவர் ஒற்றைக் காலில் எழுந்து நின்று, “என்ன, என்ன, என்னடா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இழுத்துட்டேன்” என்றது போன். “மூச்சு இருக்கு. முகம் மட்டும்... ரோஜாப்பூ மாதிரி செவந்து கிடக்கு அண்ணி. ரொம்ப அழகா இருக்கா. எனக்குப் பயமா இருக்கு.”

*

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நாத்தனாரின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. கண் திறந்துவிட்டாள். பேரைச் சொன்னாள், கிழமையைத் தப்பாகச் சொன்னாள். வயிற்றின் மேல் ஒரு பட்டை கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துடிப்பு இருந்தது. டாக்டர் அதைக் கேட்டபோது தலையாட்டவில்லை. தாயின் ரத்தத்திலிருந்து இறங்குகிற மாதிரிக் குழந்தையின் ரத்தத்திலிருந்து அந்த விஷவாயு சீக்கிரம் இறங்காது என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூல் காரிலேயே வந்து இறங்கினார். பாதி வகுப்பில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த பெண்மணியும் பின் சீட்டில் கூட வந்திருந்தார், பாவம், எங்கே இறங்குவதென்று தெரியாமல்.

கேஸ் சரிபார்க்கும் அலுவலர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு தாள்.

“ஹீட்டர் பழசு. ஆனா பழுது இல்லை. வென்டிலேட்டரை வெளிப்பக்கமா யாரோ அடைச்சிருக்காங்க. டேப் பிசின் சுத்தி நாலு பக்கமும் இருக்கு. அடைச்ச பொருளைக் காணோம். யார் அடைச்சது? நான் எழுதணும்.”

நடைபாதையில் நான்கு பேர். அண்ணி வாயைத் திறந்தாள். நிஜமாகவே திறந்தாள். அதை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது. *நான்* என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“நான்தான்” என்றான் சின்னவன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“காலையில குளிர்காத்து வருதுன்னு அட்டை வச்சு அடைச்சேன். எங்க பிரஸ் அட்டை, எங்க டேப். ஓடும்போது எங்கியோ தூக்கிப் போட்டுட்டேன்.”

“எங்கே?”

“ஞாபகம் இல்லை சார்.”

மாப்பிள்ளை அடித்தார். ஒரே அடிதான். கன்னத்தில் இல்லை, வாயில் விழுந்தது. சின்னவன் கையைத் தூக்கவில்லை. “என் பொண்டாட்டி, என் பிள்ளை, உனக்குக் குளிரா?” என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் வெளியே போய், கார் நிறுத்தும் இடத்தில் யாரிடமோ ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தார். இருபத்தேழு நாளுக்குப் பிறகு.

அண்ணி இன்னும் வாயை மூடவில்லை. ஆனால் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கணவர் சுவரோரம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து தம்பியைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். எந்த மாடியில் எந்தக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனுஷன். கைக்குட்டையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

சின்னவன் அண்ணி பக்கமாக வந்தபோது உதடு கிழிந்திருந்தது. “பிரஸ் கழிவுத்தாள் மூட்டைக்குள்ள போட்டாச்சு” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. “நாளைக்கு அரைக்கப் போயிடும்.”

“ஏண்டா?”

“அண்ணன் திங்கக்கிழமை படுக்கணும். ரெண்டு மாசம் பக்கத்துல இருந்து பார்த்துக்க ஆள் வேணும். என்னைத் திட்டினா வெளிய போய்த் தங்கிக்குவேன். உங்களைத் திட்டினா?”

“நான் சொல்லிடறேன்.”

“எப்போ வேணாலும் சொல்லுங்க. இன்னிக்கு வேண்டாம்.”

இன்றைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்த பேச்சுக்கு அப்புறம் எந்த நாள்தான் வசதிப்பட்டிருக்கிறது?

நர்ஸ் எடுத்துச் சொன்னதில் தேதி கைமாறவில்லை. சனிக்கிழமை கணவர் மறுபடி ஊதினார். இரண்டு. திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. கருத்துப்போன விரல் போயிற்று, கால் நின்றது. அவர் அப்புறம் சிகரெட்டைத் தொடவில்லை. சின்னவனும் தொடவில்லை. மாப்பிள்ளை பழைய கணக்கைவிடக் கூடவே பிடித்தார். எந்த மருந்து யாருக்கு உதவியது என்று கடையில் கேட்டவர்களுக்கு அண்ணி பயிற்சி வகுப்புப் படத்தில் இருந்ததை மட்டும் சொன்னாள். தன் வீட்டுச் சார்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

நாத்தனாருக்கு எட்டரை மாசத்தில் பெண் குழந்தை பிறந்தது. சின்ன உருவம், பெரிய தொண்டை. எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரிகிறது, ஆனால் நடக்கும்போது, பேசும்போதுதான் முழுசாகச் சொல்ல முடியும் என்றார்கள். குழந்தைக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை, மாப்பிள்ளை இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில் ஒரு வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். வழியனுப்பச் சின்னவன் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

சின்னவன் அச்சகத்துக்கு மேலேயே ஓர் அறையில் தங்கியிருந்தான். அடுத்த வருஷம் அந்தக் கிளினிக் நர்ஸைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டான். மாப்பிள்ளை வரவில்லை. நாத்தனார் மட்டும் இரண்டு நாள் ரயிலில் தனியாக வந்தாள். சின்னண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. கையெழுத்துப் போட வைத்திருந்த மேஜையைச் சுற்றிக்கொண்டு நேராக அண்ணியிடம் வந்து, எல்லோர் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்க அன்னிக்குப் போன் போடலேன்னா நானும் இல்லை, என் பொண்ணும் இல்லை அண்ணி. அவளுக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கேன்.”

அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தோளுக்கு மேலே எதிரில், கழுத்தில் மாலையோடு புதுப்பெண் நின்றுகொண்டிருந்தாள். மெஷின் எண்களைப் படிப்பது போல அண்ணியின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அட்டையைப் பற்றிச் சின்னவன் அவளிடம் சொல்லியிருக்கிறானா இல்லையா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. மறுநாள் காலை புதுமணத் தம்பதி வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள். புதுப்பெண் டாக்சியில் ஏறும்போது, “ஒருநாள் உங்ககூடத் தனியாப் பேசணும் அக்கா” என்றாள்.